டெபியன் 12-இல் ஃபெனிக்ஸ்-எக்ஸ்: பிப் மறுக்கிறது, என்ன வழி?

கேள்வி | 2024 ஜூலை 2

ஆய்வகக் கணினியில் டெபியன் 12 லினக்ஸ் இருக்கிறது. நிர்வாகி அனுமதி எனக்குக் கிடையாது. வெப்பக் கடத்தல் கணக்கு ஒன்றுக்கு, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஃபெனிக்ஸ்-எக்ஸ் மென்பொருள் வேண்டும். பைத்தானின் நிறுவல் கருவியான பிப் கொண்டு எதை நிறுவப் போனாலும், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி நின்றுவிடுகிறது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற கொடியைக் (ஃபிளாக்) கட்டளையில் சேர்த்தால் வேலை நடக்கும் என்கிறான் நண்பன். சேர்க்கலாமா? பைத்தான் நிரல்தானே, பிப் போதாதா?

ஜூலை 2, மாலை

சேர்க்காதீர்கள். உடைத்துவிடுவேன் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இதைவிட வெளிப்படையாகப் பேசும் கொடியை நான் பார்த்ததில்லை.

பிப் மறுப்பதற்குக் காரணம் பெப் 668 என்ற விதி. 2021-இல் எழுதப்பட்டது; 2023-இல் வந்த உபுண்டு 23.04-இலும் டெபியன் 12-இலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. கணினியின் பைத்தான் 3.11 அடைவுக்குள் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்ற பெயரில் சிறிய உரைக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதைக் கண்டதும் பிப் கையைக் கட்டிக்கொள்கிறது. திரையில் நீங்கள் படித்த அறிவுரைகூட அந்தக் கோப்பில் எழுதியிருப்பதுதான். டெபியனின் சொந்தக் கருவிகள் பல இதே பைத்தானில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு வேண்டிய பொதிகளை (பேக்கேஜ்) டெபியனின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் கவனித்துக்கொள்கிறது. நடுவில் பிப் புகுந்து எதையாவது மாற்றினால் ஆப்ட்டுக்குத் தெரியாது.

உங்களுக்கு ரூட், அதாவது நிர்வாகி அனுமதி, இல்லை என்பதால் கணினியே கெட்டுவிடாது என்பது உண்மை. பொதிகள் உங்கள் வீட்டு அடைவுக்குள் இருக்கும் 'டாட் லோக்கல்' என்ற மறைவு அடைவில் போய் உட்காரும். எனக்கு அதுதான் இன்னும் பெரிய கவலை. அங்கே போனது, கோண்டா என்ற இன்னொரு நிறுவல் கருவி கொண்டு நீங்கள் பின்னால் உருவாக்கும் தனித்தனிச் சூழல்களிலும் தலைகாட்டும், பைத்தான் பதிப்பு 3.11 ஆகவே இருந்துவிட்டால். ஒரு வருடம் கழித்து எங்கிருந்தோ பழைய சைபை நூலகம் ஒன்று ஏறிவரும். எங்கிருந்து வந்தது என்று தேடி மண்டை காயும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஃபெனிக்ஸ்-எக்ஸ் பைத்தான் நிரல் அல்ல. மேல்தோல் மட்டுமே பைத்தான். உள்ளே டால்ஃபின்-எக்ஸ் என்ற சி++ நூலகம், அதற்குக் கீழே சமன்பாட்டுத் தொகுப்புகளைத் தீர்க்கும் பெட்சி, அதற்கும் கீழே இணையாக ஓடும் செயல்முறைகளைப் பேசவைக்கும் எம்பிஐ, பக்கத்தில் கோப்பில் எழுத எச்டிஎஃப்5, வலையைப் பங்கு பிரிக்க இன்னொரு நூலகம். இவை எல்லாம் ஒரே எம்பிஐயை நம்பிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். பிப்பின் சக்கரப் பொதி (வீல்) தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வரும். எண் அணிகளைக் கையாளும் நம்பை நூலகத்துக்கு அது பொருந்தும். பல பொதிகள் ஒரே எம்பிஐயைப் பகிர வேண்டிய இடத்தில் அந்த ஏற்பாடு தடுமாறும். கோண்டாவுக்கோ பைத்தானும் ஒரு பொதிதான், எம்பிஐயும் ஒரு பொதிதான், கம்பைலரும் ஒரு பொதிதான். இந்த வேறுபாட்டுக்காகவே உங்கள் வேலைக்குக் கோண்டாவைச் சொல்கிறேன். மற்றபடி அதன் மேல் எனக்குத் தனிப் பாசம் ஒன்றும் இல்லை.

கம்பைலரா, எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் எழுதும் சமன்பாட்டை ஃபெனிக்ஸ்-எக்ஸ் ஓடும்போதே சி மொழியாக மாற்றி, அங்கேயே கம்பைல் செய்து, பிறகுதான் கணக்கைத் தொடங்கும். முதல் ஓட்டம் மந்தமாகவும் இரண்டாவது வேகமாகவும் இருப்பதன் இரகசியம் இதுதான். கம்பைல் ஆனவை வீட்டு அடைவின் 'டாட் கேஷ்' அடைவுக்குள், ஃபெனிக்ஸ் என்ற பெயரில் சேர்ந்துகொண்டே போகும். விளங்காத பிழை ஏதாவது வந்தால் முதலில் அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

ஜூலை 2, இரவு

செய்முறை கேட்டிருக்கிறீர்கள். கோண்டாவைக் கொண்டுவரும் மினிஃபோர்ஜை வீட்டு அடைவில் நிறுவுங்கள், ரூட் தேவையில்லை. அதில் கோண்டா-ஃபோர்ஜ் மட்டுமே வாய்க்காலாக, அதாவது பொதிகள் வரும் களஞ்சியமாக, அமைந்திருக்கும். டிஃபால்ட்ஸ் வாய்க்காலை அதோடு கலக்காதீர்கள். அடித்தளச் சூழலில் எதையும் போட வேண்டாம். புதிதாக ஒரு சூழல் உருவாக்கி, ஃபெனிக்ஸ்-டால்ஃபின்-எக்ஸ், எம்பிஐயின் ஒரு வடிவமான எம்பிச், படம் பார்க்கப் பைவிஸ்டா, கூடவே உங்களுக்கு வேண்டிய மற்ற எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கேளுங்கள். கோண்டாவின் தீர்வியிடம் எல்லாத் தேவைகளையும் ஒன்றாக வைத்தால்தான் அது ஒத்துப்போகும் பதிப்புகளைத் தேடும். ஒவ்வொன்றாகக் கேட்டால் முன்பு போட்டதைப் பின்னால் மாற்றும்.

கோண்டா கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், விடிந்துவிடும் என்ற புலம்பலை இங்கே ஒருவர் வைத்திருக்கிறார். அது பழைய கதை. 23.10 பதிப்பிலிருந்து, வேகத்துக்குப் பெயர்பெற்ற மாற்றுக் கருவியான மாம்பாவின் தீர்வியையே கோண்டாவும் இயல்பாகப் பயன்படுத்துகிறது.

ஜூலை 3

ஆப்ட்டிலேயே ஃபெனிக்ஸ்-எக்ஸ் இருக்கிறதே, நிர்வாகியிடம் கேட்டால் ஒரு வரியில் முடியுமே என்று மறுப்பு வந்திருக்கிறது. சரியான மறுப்பு. நிர்வாகி இணங்குபவராக இருந்தால், அந்தப் பதிப்பும் போதுமென்றால், அதுவே சுலபமான வழி. டெபியன்காரர்கள் எம்பிஐயையும் பெட்சியையும் பொருத்திப் பார்த்தே வைத்திருப்பார்கள்.

ஆனால் டெபியன் 12 உறைந்த நாளில் எந்தப் பதிப்பு இருந்ததோ அதுதான் கிடைக்கும். டால்ஃபின்-எக்ஸ் இன்னும் 1.0-ஐத் தொடவில்லை, ஒவ்வொரு வெளியீட்டிலும் ஏதாவது பெயர் மாறுகிறது. சார்பு வெளியை உருவாக்கும் 'ஃபங்ஷன்ஸ்பேஸ்' கட்டளை முன்பு பெரிய எழுத்தில் தொடங்கியது, புதிய பதிப்புகளில் சிறிய எழுத்தில். ஓர் எழுத்துதான். இணையத்தில் எடுத்த மாதிரி நிரல் அந்த ஓர் எழுத்தில் விழுந்து கிடக்கும். படிக்கிறவர் நிறுவலில்தான் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவார். நிரல் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பார்த்துவிட்டு அந்தப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: பெயரின் கடைசியில் எக்ஸ் இல்லாத பழைய ஃபெனிக்ஸ் 2019-ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றது. பிப்பில் அந்தப் பெயரில் ஒரு பொதி கிடைக்கும்; நிறுவும், பிழை சொல்லாது. ஆனால் கணக்குப் போடுகிற டால்ஃபின் பகுதி அதில் வராது. பழைய பாடநூலைப் பார்த்துத் தொடங்குபவர்கள் வரிசையாக அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

ஜூலை 5, காலை

'இம்போர்ட் ஆகிவிட்டது, நன்றி, இழையை மூடிவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூட வேண்டாம். இம்போர்ட் ஆனால் கோப்புகள் இடத்தில் இருக்கின்றன என்று மட்டும் தெரியும். விடை சரியா என்பது வேறு விஷயம்.

விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கு ஒன்றை ஓட்டுங்கள். அலகுச் சதுரத்தில் பாய்சான் சமன்பாடு. விடை 1 + x² + 2y² என்று நீங்களே முடிவுசெய்துவிடுங்கள். அதன் லாப்லாசியன் (x, y இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை) 2 + 4, அதாவது 6. சமன்பாட்டில் லாப்லாசியனுக்கு முன் எதிர்க்குறி உண்டு, ஆகவே வலப்பக்கம் −6, எல்லையில் அதே சார்பு. 8×8 நாற்கரக் கட்டங்கள், முதற்படி உறுப்புகள், நேரடித் தீர்வி. முனைப்புள்ளிகளில் பிழை 10⁻¹⁵ அளவில், அதாவது எந்திரத்தின் துல்லிய எல்லையில் இருக்க வேண்டும். சதுரம் முழுவதற்குமான L² பிழை 0.008-ஐ ஒட்டி வரும். 16×16 ஆக்கினால் அது நான்கில் ஒரு பங்காக, 0.002-க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஆய்வுக் கணக்கைத் தொடாதீர்கள்.

சுற்றிச் சுற்றி நெருங்கும் தீர்வியைப் போட்டுவிட்டு 10⁻¹⁵ வரவில்லை என்று திரும்பி வர வேண்டாம். அது தனக்குச் சொல்லப்பட்ட பொறுதி அளவில் நின்றுவிடும்.

பிறகு அதையே நான்கு செயல்முறைகளில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் தன் வரிசை எண்ணையும் மொத்த எண்ணிக்கையையும் அச்சிடட்டும்.

ஜூலை 5, மாலை

நினைத்தபடியே ஆயிற்று. உங்கள் திரையில் வந்தது:

நான் 0, மொத்தம் 1
நான் 0, மொத்தம் 1
நான் 0, மொத்தம் 1
நான் 0, மொத்தம் 1

வர வேண்டியது 0, 1, 2, 3 என்று நான்கு எண்கள் (வரிசை முன்பின் இருக்கலாம்), மொத்தம் 4. இப்போது நடப்பது இணைக் கணக்கு அல்ல. முழுக் கணக்கையும் நான்கு பேர் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் அறியாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. விடையும் சரியாகத்தான் இருக்கும். நான்கு பேரும் ஒரே கோப்பில் எழுதப் போகும்போது அந்தக் கோப்பு மட்டும் குதறப்பட்டுக் கிடக்கும். நீங்கள் எச்டிஎஃப்5 நூலகத்தைச் சந்தேகிப்பீர்கள்.

செயல்முறைகளை ஏவும் எம்பிஐரன் கட்டளை எங்கிருந்து வருகிறது என்று 'விச்' கட்டளையிடம் கேளுங்கள். 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள் இருக்கும் 'பின்' (bin) அடைவிலிருந்து என்று விடை வந்தால் அது டெபியனின் ஓபன் எம்பிஐ, எம்பிஐயின் இன்னொரு வடிவம். சூழலுக்குள் இருப்பதோ எம்பிச். ஏவியவர் ஒருவர், ஏவப்பட்ட நூலகம் வேறொருவருடையது. இரண்டுக்கும் இடையே பேச்சுமொழி பொருந்தவில்லை. தன்னை யாரும் கூட்டமாக ஏவவில்லை என்று ஒவ்வொரு செயல்முறையும் முடிவுசெய்து, தான் மட்டுமே இருப்பதாகக் கணக்கைத் தொடங்கிவிடுகிறது. சூழலைச் செயல்படுத்தாத முனையத்தில் ஓட்டினீர்களா, அல்லது தொடக்கக் கோப்பில் யாரோ பாதையை முன்னால் தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். சூழலுக்குள் இருக்கும் எம்பிஐரன் கொண்டு ஓட்டினால் சரியாகிவிடும்.

ஜூலை 6

சரியாகிவிட்டது என்கிறார் கேள்வி கேட்டவர். ஆனால் நான்கு செயல்முறைகளில் ஓட்டினால் ஒன்றைவிட மெதுவாம். 8×8 கட்டத்துக்கு நான்கு பேர் எதற்கு, அதற்கு விரலே போதும். பெரிய வலையிலும் மெதுவாகவே இருந்தால், ஒவ்வொரு செயல்முறையும் தனக்குள் எத்தனை இழைகள் (த்ரெட்) ஓட்டுகிறது என்று பாருங்கள். ஓபன் எம்பி (OpenMP; ஓபன் எம்பிஐ அல்ல) இழைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டு மறுபடி அளந்து சொல்லுங்கள்.

ஜூலை 11

இந்த வாரம் கிளம்பிய புதுக் கலகம் நம்பை 2.0. ஜூன் மாதம் வெளிவந்தது. 1.0 வந்தது 2006-இல், அதன் பிறகு முதல் பெரிய எண் மாற்றம் இதுதான். இரும நிலையில் பொருத்தம் மாறிவிட்டது. நம்பை 1.x கொண்டு கம்பைல் செய்த எந்தப் பொதியும் 2.0-இல் ஓடாது, மறுபடி கட்ட வேண்டும்.

நேற்று ஒருவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோண்டா சூழலுக்குள் நுழைந்து, ஏதோ ஒரு வரைபடப் பொதிக்காகப் பிப்பை ஏவியிருக்கிறார், அதுவும் எல்லாவற்றையும் மேம்படுத்து என்று சொல்லி. பிப் கோண்டா வைத்த நம்பையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் நம்பையை வைத்துவிட்டது. கோண்டாவின் பதிவேட்டிலோ பழைய பதிப்பே இருப்பதாக எழுதியிருக்கிறது. ஓர் உறையில் இரண்டு கத்தி. எது எதைக் கிழிக்கும் என்று சொல்ல முடியாது.

என் நடைமுறை இது. கோண்டாவில் கிடைப்பதை எல்லாம் முதலில் கோண்டாவிலேயே எடுத்துவிடுவேன். மிச்சத்தை மட்டும் கடைசியில் பிப்பில், சார்புகளை இழுத்து வராதே என்ற கொடியோடு. பிப் தொட்ட சூழலில் அதன் பிறகு கோண்டாவை ஓட்டுவதில்லை. மாற்றம் வேண்டுமானால், பொதிப் பட்டியல் எழுதிய ஒயேஎம்எல் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டுச் சூழலையே புதிதாக எழுப்புவேன். சூழலை அழிப்பதற்குத் தயங்குகிறவர்கள்தான் அதைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து எதுவும் தொட முடியாத நிலைக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்குத் தெரிந்த ஆய்வகம் ஒன்றில் ஒரு சூழலுக்கு 'தொடாதே' என்றே பெயர். அதை உருவாக்கியவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது.

'டாட் லோக்கல்' பற்றி 2-ஆம் தேதி சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: பைத்தானைச் சிறிய எஸ் கொடியோடு ஓட்டினால் அந்த அடைவைப் பார்க்காது. அந்தக் கொடியோடு ஓடி, இல்லாமல் விழுந்தால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான்.

ஜூலை 12

அலைக் கணக்குப் போடுபவர் ஒருவருக்கு: கோண்டா-ஃபோர்ஜில் பெட்சி இரண்டு வகையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது, மெய்யெண்ணுக்கு ஒன்று, கலப்பெண்ணுக்கு ஒன்று. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டுக்குக் கலப்பெண் வகையைக் கட்டடப் பெயரோடு (பில்டு, எந்த வகையில் கட்டியது என்று காட்டுவது) கேட்க வேண்டும். ஒரே சூழலில் இரண்டும் இருக்காது. இரண்டு சூழல்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 16

சூழலின் எம்பிஐரன் கொண்டே ஓட்டுங்கள் என்று 5-ஆம் தேதி எழுதினேன். மேசைக் கணினிக்கு அது சரி. பல கணுக்கள், அதாவது பல கணினிகள், கொண்ட கிளஸ்டருக்கு அந்த விடையை அப்படியே எடுத்துப்போகக் கூடாது என்று இப்போது சேர்க்கிறேன், ஏனென்றால் இங்கே இரண்டு பேர் எடுத்துப்போயிருக்கிறார்கள்.

கிளஸ்டரில் கணுக்களுக்கு இடையே அதிவேக வலையமைப்பு இருக்கும். அதோடு பேசத் தெரிந்த எம்பிஐயை நிர்வாகிகள் கட்டி வைத்திருப்பார்கள். கோண்டாவின் எம்பிஐ அங்கே ஓடினாலும் அந்த வலையமைப்பைத் தொடாமல் சாதாரண வழியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கலாம். கணக்கு முடியும், ஆனால் கணு சேரச் சேர வேகம் ஏறாது. இதற்காகவே கோண்டா-ஃபோர்ஜில் 'எக்ஸ்டர்னல்' என்ற கட்டடப் பெயரோடு ஒரு வெற்று எம்பிச் பொதி வைத்திருக்கிறார்கள். உள்ளே நூலகம் எதுவும் இருக்காது. தேவை நிறைவேறிவிட்டதாகத் தீர்வியைச் சமாதானப்படுத்துவதற்கு மட்டும் அது. ஓடும்போது கிளஸ்டரின் எம்பிஐ ஏற்றப்படும். 2013-இல் எம்பிச் வழிவந்த பல எம்பிஐகள் ஒரே இரும இடைமுகத்துக்கு உடன்பட்டதால்தான் இது சாத்தியம். ஓபன் எம்பிஐ அந்த உடன்பாட்டில் இல்லை. கிளஸ்டரில் அது இருந்தால் சூழலையும் ஓபன் எம்பிஐ வகையில்தான் எழுப்ப வேண்டும்.

கிளஸ்டரில் நான் பட்ட இன்னொரு தொல்லை கோப்பு எண்ணிக்கை. இடம் தாராளமாக மிச்சம் இருக்கும்போதே 'ஒதுக்கீடு தீர்ந்தது' என்று வந்தது. கோண்டா சூழல் என்பது எண்ணற்ற குட்டிக் கோப்புகளின் குவியல். வீட்டு அடைவில் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருந்தது. பொதிகளின் சேமிப்பை வேறு வட்டுக்கு மாற்றினால் தீருமே என்று தோன்றும். சூழலும் சேமிப்பும் ஒரே கோப்பு முறைமையில் இருந்தால்தான் கோண்டா வன்தொடுப்பு (நகலெடுக்காமல் அதே கோப்பைச் சுட்டுவது) போட முடியும். பிரித்துவிட்டால் ஒவ்வொன்றையும் நகலெடுக்கும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். அல்லது முழுச் சூழலையும் ஆப்டெய்னர் கொள்கலனாக்கிவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோப்புதான். 2021 வரை சிங்குலாரிட்டி என்று அழைக்கப்பட்டதும் இதுதான், பழைய ஆவணங்களில் அந்தப் பெயரில் தேடுங்கள்.

ஜூலை 16, சற்று நேரம் கழித்து

கிளஸ்டரில் நிர்வாகிகள் வைத்திருக்கும் மென்பொருள் மாட்யூலை ஏற்றிவிட்டுக் கோண்டா சூழலையும் செயல்படுத்துகிறவர்களுக்கு: நூலகப் பாதையைச் சொல்லும் சூழல் மாறியை மாட்யூல் நிரப்பி வைத்திருக்கும். கோண்டாவின் நிரல் தன் சி++ நூலகத்தை விட்டுவிட்டு மாட்யூலின் பழைய நூலகத்தைப் பிடிக்கும். 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.30 கிடைக்கவில்லை' என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்புடன் வந்த குறி அது. இரண்டில் ஒன்றை விடுங்கள்.

ஜூலை 21

மூலக்கூறு அசைவுகளைக் கணக்கிடும் ஓபன் எம்எம் பற்றிக் கேட்கிறார் ஒருவர்: நிறுவல் ஒழுங்காக முடிந்தது, மூலக்கூறு கணக்கு மட்டும் நத்தை வேகம்.

ஓபன் எம்எம்மில் சோதனை உள்ளேயே இருக்கிறது. 'டெஸ்ட் இன்ஸ்டலேஷன்' என்ற தொகுதியைப் பைத்தான் வழியாக ஓட்டுங்கள். ரெஃபரன்ஸ், சிபியு, க்யூடா, ஓபன்சிஎல் எனக் கிடைக்கும் தளங்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றிலும் விசைகளைக் கணக்கிட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்றும் காட்டும். எல்லாச் சிமுலேஷன் மென்பொருளும் இப்படி ஒன்றோடு வந்தால் இந்த இழையில் பாதி தேவைப்படாது. உங்கள் பட்டியலில் என்விடியா அட்டைக்கான க்யூடா இல்லை என்றால் வரைகலை அட்டை சும்மா கிடக்கிறது.

டிரைவர் நிர்வாகி கையில், க்யூடா கருவித்தொகுப்பு கோண்டா கையில். டிரைவர் பழையதாகவும் தொகுப்பு புதியதாகவும் அமைந்துவிட்டால் 222 என்ற எண்ணோடு, ஆதரிக்கப்படாத பிடிஎக்ஸ் பதிப்பு என்று பிழை வரும். டிரைவரை நீங்கள் மாற்ற முடியாது. தொகுப்பின் பதிப்பை இறக்குங்கள்.

உள்நுழையும் கணுவில் வரைகலை அட்டை இருக்காது என்பதையும் கவனியுங்கள். அங்கே சூழலை எழுப்பினால் கோண்டா அட்டையைத் தேடிப் பார்த்து, இல்லை என்று முடிவுசெய்து, சில பொதிகளைச் சிபியு வகையில் எடுத்துவிடும். க்யூடா இருப்பதாக வைத்துக்கொள் என்று சொல்லும் சூழல் மாறி ஒன்று கோண்டாவில் உண்டு, 'ஓவர்ரைடு க்யூடா' (OVERRIDE_CUDA) என்று முடியும். அதில் கணக்கிடும் கணுவின் டிரைவர் தாங்கும் பதிப்பை எழுதிவிட்டு நிறுவுங்கள்.

ஆகஸ்ட் 4

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கணக்கு ஓடுகிறது, கட்டுரை எழுதப் போகிறார். இதே சூழலைப் பிறகு எழுப்ப எதைச் சேமிப்பது என்கிறார்.

இரண்டு கோப்புகள். ஒன்று, நீங்கள் கேட்ட பொதிகள் மட்டும் உள்ள ஒயேஎம்எல். கோண்டாவின் ஏற்றுமதிக் கட்டளையில் 'ஃப்ரம் ஹிஸ்டரி' கொடியோடு எடுத்தால் கிடைக்கும். வேறு இயங்குதளத்திலும் உதவும், ஆனால் பதிப்புகள் நகர்ந்துவிடும். இரண்டாவது, 'எக்ஸ்ப்ளிசிட்' கொடியோடு எடுக்கும் பட்டியல்; ஒவ்வொரு பொதியின் முழு முகவரியும் இருக்கும், தீர்வியே ஓடாமல் அதே கோப்புகள் அப்படியே இறங்கும், ஆனால் அதே இயங்குதளத்தில் மட்டும். பாய்சான் சோதனை நிரலையும் அதன் வெளியீட்டையும் கூடவே வையுங்கள்.

இரண்டிலுமே பிப் வழியாகச் சேர்த்தவை வராது. அவற்றைத் தனியாக எடுக்கப் 'பிப் ஃப்ரீஸ்' ஓட்டினால், கோண்டா பொதிகளின் பக்கத்தில் பதிப்பு எண்ணுக்குப் பதில் யாரோ ஒருவர் கணினியில் அதைக் கட்டிய அடைவின் முகவரி நிற்கும், வேறெங்கும் பயன்படாது. 'பிப் லிஸ்ட்' ஓட்டி, வடிவத்தை ஃப்ரீஸ் என்று கேளுங்கள், பதிப்பு எண்கள் சுத்தமாக வரும்.